பிரேம்சந்த்: புத்தகக் கடையில் அமர்ந்து படித்த சிறுவன் நூலகங்கள் போற்றும் நாவலாசிரியரான வரலாறு

ஆண்டுதோறும் ஜூலை 31-ஆம் நாள் வாரணாசி, கோரக்பூர், லக்னோ, தில்லி உள்ளிட்ட நகரங்களில் நூலகங்களும் பள்ளிகளும் இலக்கிய அமைப்புகளும் முன்ஷி பிரேம்சந்தின் பிறந்தநாளைக் கொண்டாடி வருகின்றன. கதை வாசிப்பு, நாடகம், மாணவர்களுக்கான போட்டிகள், கருத்தரங்குகள் என நிகழ்ச்சிகள் பலவகைப்படும். அவர் பிறந்த லம்ஹி கிராமத்திலும் அன்று விழா நடைபெறுகிறது.

இந்தி, உருது ஆகிய இரு மொழிகளிலும் நவீன உரைநடைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவராகப் போற்றப்படும் இவரை நூலகங்கள் கொண்டாடுவதற்குத் தனிப் பொருத்தம் ஒன்று உண்டு. விலை கொடுத்து நூல் வாங்க வழியில்லாத நிலையில், கடைக்காரரின் தயவாலும் பொது நூலகத்தின் துணையாலும் படித்தவர் அவர். அவரது முதல் சிறுகதைத் தொகுப்பின் பிரதிகள் ஆட்சியாளரின் ஆணையால் தீக்கிரையாக்கப்பட்டன. அந்த எழுத்தாளரின் நூல்களே இன்று இந்தியாவின் பல மொழிகளில் நூலக அலமாரிகளில் இடம்பெற்றுள்ளன.

லம்ஹியில் பிறப்பு

தன்பத் ராய் ஸ்ரீவாஸ்தவா என்பது பிரேம்சந்தின் இயற்பெயர். 1880-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் காசி நகரை அடுத்த லம்ஹி கிராமத்தில் பிறந்தார். தந்தை அஜாயிப் லால் அஞ்சல் அலுவலக எழுத்தர். தாயார் ஆனந்தி தேவி. செல்லமாக 'நவாப்' என்று அழைக்கப்பட்ட சிறுவன், அருகிலுள்ள ஊரில் ஒரு மௌல்வியிடம் உருதுவும் பாரசீகமும் கற்றான்.

எட்டு வயதை எட்டும் முன்னரோ எட்டிய அளவிலோ தாயை இழந்தான். தந்தை மறுமணம் செய்துகொண்டார். தாயற்ற பிள்ளையின் தனிமையும், மாற்றாந்தாயின் வீட்டில் நிலவும் நெருடலும் பிற்காலத்தில் அவரது கதைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றன.

நூல்களுக்குப் பண்டமாற்று

தந்தையின் பணியிட மாற்றத்தால் குடும்பம் கோரக்பூரில் வசித்தது. அப்போது தன்பத்துக்குப் பதின்மூன்று வயது. இந்தி எழுத்துகள் அவனுக்கு அறிமுகமாகவில்லை. உருது நாவல்கள் மீதோ அடங்காத ஆர்வம். நகரின் ரேதி பகுதியில் புத்திலால் என்ற புத்தக வணிகர் இருந்தார். அவரது கடையில் அமர்ந்து சிறுவன் நாவல்களைப் படித்தான். நாள் முழுவதும் கடையில் அமர இயலாது என்பதால், இருவருக்கும் ஓர் ஏற்பாடு உருவாயிற்று. ஆங்கிலப் பாடங்களுக்கான உரைநூல்களை அவன் தன் பள்ளி மாணவர்களிடம் விற்றுத் தருவான். அதற்கு ஈடாக நாவல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துத் திருப்பித் தருவான்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான நாவல்களைப் படித்து முடித்ததாகப் பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் பிரேம்சந்த் பதிவு செய்துள்ளார். கடையிலிருந்த நாவல்கள் தீர்ந்தபின், லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் வெளியிட்ட புராணங்களின் உருது மொழிபெயர்ப்புகளைப் படித்தார். பல பெருந்தொகுதிகளாக விரியும் 'திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா' என்னும் மாயக் கதைத் தொடரிலும் பல பகுதிகளைப் படித்தார். மந்திரவாதிகளும் மாயக் கோட்டைகளும் நிறைந்த அக்கதைகளில் தோய்ந்த அவரே, பின்னாளில் மாயங்கள் ஏதுமற்ற உழவன் வீட்டு அடுப்படியை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார்.

நூலகத்தில் கழிந்த நாட்கள்

பதினைந்து வயதில், ஒன்பதாம் வகுப்பு மாணவனாக இருந்தபோதே, தன்பத்துக்குத் திருமணம் நடத்தி வைக்கப்பட்டது. அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. 1897-இல் தந்தை காலமானார். குடும்பப் பொறுப்பு முழுவதும் இளைஞனின் தோளில் விழுந்தது. 1898-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டாம் வகுப்பில் தேறினார். முதல் வகுப்பில் தேறாததால் காசியின் குயின்ஸ் கல்லூரியில் கட்டணச் சலுகை கிட்டவில்லை. புதிதாகத் தொடங்கப்பட்ட இந்துக் கல்லூரியிலோ கணிதத்தில் அவர் காட்டிய பலவீனம் குறுக்கே நின்றது.

அக்காலத்தில் ஒரு வழக்கறிஞரின் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து மாதம் ஐந்து ரூபாய் பெற்றார். அதில் மூன்று ரூபாயைக் குடும்பத்துக்கு அளித்து, இரண்டு ரூபாயில் தம் மாதத்தை ஓட்டினார். வழக்கறிஞர் வீட்டுக் குதிரை லாயத்தின் மேலிருந்த சிறு மண் அறையே அவரது இருப்பிடம்.

கணிதத்தைச் சீராக்கிக்கொள்ளவே அவர் நகரில் தங்கினார். எனினும் பொழுதின் பெரும்பகுதி நூலகத்தில் கழிந்தது. ரத்தன்நாத் சர்ஷாரின் 'ஃபசானா-ஏ-ஆசாத்' நூலை அந்நாட்களில்தான் அவர் படித்தார். வங்க நாவலாசிரியர் பங்கிம் சந்திரரின் படைப்புகளில் உருது மொழிபெயர்ப்பாக நூலகத்தில் கிடைத்தவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் படித்து முடித்தார். வங்கம் அறியாத காசி இளைஞனுக்குப் பங்கிம் சந்திரரை அறிமுகம் செய்தவை ஒரு மொழிபெயர்ப்பாளரின் உழைப்பும் ஒரு நூலகத்தின் அலமாரியுமே ஆகும்.

ஒரு ரூபாய்க்கு விற்ற நூல்

வறுமை முற்றிய நிலையில், ஒரு குளிர்கால மாலையில் தம்மிடமிருந்த கணித உரைநூலை விற்கப் புத்தகக் கடைக்குச் சென்றார். இரண்டு ரூபாய்க்கு வாங்கிய அந்நூலை ஒரு ரூபாய்க்கு விற்றார். கடையிலிருந்து இறங்கும் வேளையில் அங்கிருந்த ஒருவர் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். அவர் சுனார் என்னும் ஊரிலிருந்த மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியர். உதவி ஆசிரியர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். மாதம் பதினெட்டு ரூபாய் ஊதியத்தில் தன்பத் ராய் ஆசிரியரானார். ஆண்டு 1899.

மறு ஆண்டு பஹ்ராயிச் நகரில் அரசுப் பள்ளிப் பணி கிடைத்தது. பிரதாப்கர், அலகாபாத், கான்பூர் எனப் பணியிடங்கள் மாறின. கான்பூரில் 'ஜமானா' இதழின் ஆசிரியர் தயா நாராயண் நிகம் அவருக்கு நெருங்கிய நண்பரானார். 'நவாப் ராய்' என்ற புனைபெயரில் உருதுக் கதைகளும் கட்டுரைகளும் தொடர்ந்து வெளிவந்தன.

1906-இல் இளம் விதவையான சிவராணி தேவியை மணந்தார். விதவை மறுமணத்தைச் சமூகம் ஏற்காத காலத்தில் இது துணிவான முடிவாகும். சிவராணி தேவி பின்னாளில் தாமும் எழுத்தாளரானார். 1930-இல் விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். கணவரின் இல்வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நினைவு நூல் பிரேம்சந்தைப் பற்றிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக விளங்குகிறது.

தீக்கிரையான தொகுப்பு

1908-இல் 'சோஸ்-ஏ-வதன்' என்னும் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. தாய்நாட்டின் துயரம் என்பது அத்தலைப்பின் பொருள். ஐந்து கதைகள் கொண்ட சிறு நூல் அது. வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி எழுச்சியின் வெப்பம் அதில் படிந்திருந்தது.

அடுத்த ஆண்டில் அவர் ஹமீர்பூர் மாவட்டத்தில் பள்ளிகளின் துணை ஆய்வாளராகப் பணியேற்றார். நவாப் ராய் என்ற பெயருக்குள் மறைந்திருப்பவர் ஓர் அரசு ஊழியர் என்பதை நிர்வாகம் கண்டறிந்தது. மாவட்டக் கலெக்டரிடமிருந்து அழைப்பு வந்தது. சுற்றுப்பயண முகாமிலிருந்த அவர், இரவோடிரவாக மாட்டுவண்டி பூட்டி முப்பது நாற்பது மைல் பயணம் செய்து மறுநாள் கலெக்டர் முன் நின்றார். ஒவ்வொரு கதையின் பொருளையும் விளக்கச் சொல்லிக் கேட்ட கலெக்டர், நூல் அரச துரோகம் நிறைந்தது என்று தீர்ப்பளித்தார். ஆங்கிலேயர் ஆட்சியாக இருப்பதால் கைகள் தப்பின என்று எச்சரிக்கவும் செய்தார்.

அச்சிட்ட ஆயிரம் பிரதிகளில் ஏறத்தாழ முந்நூறு விற்றிருந்தன என்றும், எஞ்சிய எழுநூறு பிரதிகள் ஒப்படைக்கப்பட்டு எரிக்கப்பட்டன என்றும் பிரேம்சந்தின் குறிப்பு தெரிவிக்கிறது. இனி அனுமதி பெறாமல் எதையும் எழுதி வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடும் விதிக்கப்பட்டது.

எழுதுவதை நிறுத்த அவர் உடன்படவில்லை, பெயரை மாற்றிக்கொண்டார். நண்பர் நிகம் அளித்த ஆலோசனையின்படி 'பிரேம்சந்த்' என்ற பெயர் பிறந்தது. 1910 டிசம்பர் 'ஜமானா' இதழில் அப்பெயரில் முதல் கதை வெளிவந்தது. எந்தப் பெயரை அழிக்க ஆணை பிறந்ததோ அந்தப் பெயர் மறைந்தது. இந்திய இலக்கியம் நினைவில் வைத்திருக்கும் பெயர் அந்த ஆணையின் விளைவாகவே தோன்றியது.

உருதுவிலிருந்து இந்திக்கு

1914-ஐ ஒட்டிய காலத்தில் பிரேம்சந்த் இந்தியிலும் எழுதத் தொடங்கினார். உருதுவில் நூல் வெளியிடப் பதிப்பாளர் கிடைப்பது கடினமாக இருந்ததும் இந்தி வாசகர் வட்டம் விரிந்து வந்ததும் இதற்குக் காரணங்களாயின. எனினும் உருதுவை அவர் கைவிடவில்லை. ஒரே கதையை இரு மொழிகளிலும் எழுதுவது அவரது வழக்கமாயிற்று. மொழியின் பெயரால் இந்துக்களும் முஸ்லிம்களும் விலகிச் செல்வதை அவர் இறுதிவரை எதிர்த்தார்.

'பாஸார்-ஏ-ஹுஸ்ன்' என உருதுவில் எழுதப்பட்ட நாவல், 'சேவாசதன்' என்ற பெயரில் முதலில் இந்தியில் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. வரதட்சிணை, பொருந்தா மணம், கைவிடப்பட்ட பெண் செல்ல நேரும் பாதை ஆகியவற்றை அது பேசியது. இந்நாவலுக்குத் தமிழோடு நேரடித் தொடர்பு உண்டு. காந்தியவாதியான எஸ். அம்புஜம்மாள் இதனைத் தமிழாக்கினார். 'ஆனந்த விகடன்' இதழில் அது தொடராக வந்தது. அதனைத் தழுவி கே. சுப்ரமணியம் இயக்கிய 'சேவாசதனம்' 1938-இல் வெளியானது. எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த முதல் திரைப்படம் அது.

அரசுப் பணி துறப்பு

1921 பிப்ரவரி 8-ஆம் நாள் கோரக்பூரில் நடந்த பெருங்கூட்டத்தில் மகாத்மா காந்தி ஒத்துழையாமைக்கு அழைப்பு விடுத்தார். கேட்டவர்களுள் ஒருவர் பிரேம்சந்த். அப்போது அவர் கோரக்பூர் அரசுப் பள்ளியில் ஆசிரியர், நெடுநாள் வயிற்று நோயால் மெலிந்திருந்தார், மனைவி கருவுற்றிருந்தார், வேறு வருவாய் இல்லை. மனைவியின் இசைவைப் பெற்றபின், சில நாட்களிலேயே இருபது ஆண்டுக்கால அரசுப் பணியைத் துறந்தார்.

1923-இல் காசியில் 'சரஸ்வதி' அச்சகத்தை நிறுவினார். 1930-இல் 'ஹன்ஸ்' மாத இதழைத் தொடங்கினார். அச்சகம் நட்டத்தில் ஓடியது. இதழுக்கு அரசு ஜாமீன் தொகை கேட்டது. நூல்களால் ஈட்டிய பணம் அச்சகத்தையும் இதழையும் காப்பாற்றுவதிலேயே கரைந்தது. ஆயினும் இந்த நெருக்கடிக் காலத்தில்தான் 'ரங்கபூமி', 'நிர்மலா', 'கபன்', 'கர்மபூமி' ஆகிய நாவல்களும் பெரும்பாலான சிறந்த சிறுகதைகளும் உருவாயின. அவர் எழுதிய சிறுகதைகள் ஏறத்தாழ முந்நூறு.

கடன் சுமையைக் குறைக்கும் நோக்கில் 1934-இல் பம்பாய்த் திரையுலகுக்குச் சென்றார். அஜந்தா சினிடோன் நிறுவனத்துக்காக அவர் எழுதிய 'மஜ்தூர்' என்னும் படம் ஆலைத் தொழிலாளர் நிலையைப் பேசியதால் பம்பாயில் தடைக்கு உள்ளாயிற்று. திரையுலகம் அவருக்கு ஒத்துவரவில்லை; ஓராண்டு முடியும் முன்பே காசிக்குத் திரும்பினார். பம்பாயில் இருந்தபோது 1934 டிசம்பரில் சென்னைக்கு வந்து, தட்சிண பாரத இந்தி பிரச்சார சபையின் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றினார்.

'கோதான்' என்னும் சிகரம்

1936-இல் வெளிவந்த 'கோதான்' அவரது நாவல்களின் சிகரமாகக் கருதப்படுகிறது. ஒரு பசுவை வாங்கி வாசலில் கட்ட வேண்டும் என்பது ஹோரி என்னும் உழவனின் ஆசை. கடன், வட்டி, ஜமீன்தார், ஊர்ப் பஞ்சாயத்தின் தண்டம் ஆகியன அவ்வாசையைச் சிறுகச் சிறுக உண்கின்றன. நிலத்தை இழந்து கூலியாகும் ஹோரி வெயிலில் உழைத்துச் சாய்கிறான். இறக்கும் வேளையில் சடங்குக்காகத் தானமளிக்கவும் அவன் வீட்டில் பசு இல்லை.

1936 ஏப்ரலில் லக்னோவில் நடந்த அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அழகு என்பதற்கான அளவுகோலையே இலக்கியம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவரது தலைமை உரையின் சாரம். அதே ஆண்டில் நோய் முற்றியது. 'ஹன்ஸ்' இதழுக்கு மீண்டும் ஜாமீன் தொகை கேட்கப்பட்டபோது, படுக்கையிலிருந்தபடியே அதைக் கட்டி இதழ் நிற்காமல் காத்தார். 1936 அக்டோபர் 8-ஆம் நாள், 56-ஆம் வயதில் காசியில் காலமானார். 'மங்கலசூத்திர' என்னும் நாவல் முற்றுப்பெறாமல் நின்றது.

மறைவுக்குப் பின்

மகன் அம்ரித் ராய் எழுதிய வாழ்க்கை வரலாறு 1963-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சத்யஜித் ராய், பிரேம்சந்தின் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி', 'சத்கதி' ஆகிய இரு கதைகளைத் திரைப்படமாக்கினார். நூற்றாண்டு நாளான 1980 ஜூலை 31-இல் இந்திய அஞ்சல் துறை சிறப்பு அஞ்சல்தலை வெளியிட்டது. கோரக்பூரில் அவர் குடியிருந்த வீடு பாதுகாக்கப்பட்டு, அவ்வளாகம் பிரேம்சந்த் பூங்காவாக விளங்குகிறது. அங்கு நூலகமும் செயல்படுகிறது. தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் ஆவணக் காப்பகம் உள்ளது.

அவரது எழுத்து விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்ததில்லை. 'கஃபன்' கதையில் தலித் மாந்தரைச் சித்திரித்த விதம் குறித்துத் தலித் எழுத்தாளர்கள் கடும் வினாக்களை எழுப்பினர். 2004-இல் 'ரங்கபூமி' நாவலில் சாதிப்பெயர் கையாளப்பட்டதை எதிர்த்துத் தில்லியில் அதன் பிரதிகள் எரிக்கப்பட்டன. தீண்டாமையின் கொடுமையைத் 'தாக்கூர் கா குவாம்', 'சத்கதி' போன்ற கதைகளில் அம்பலப்படுத்தியவரே அவர் என்று மற்றொரு சாரார் சுட்டிக்காட்டினர். இவ்விவாதம் இன்றும் தொடர்கிறது. புகழுரைகளோடு நின்றுவிடாமல், கதையை முழுமையாகப் படித்தபின் இருதரப்பையும் விவாதிக்க இடமளிக்கும் நிகழ்ச்சிகளே அத்தகைய எழுத்தாளருக்கு உரிய மரியாதையாகும்.

நூலகங்களுக்கு எளிதான தேர்வு

பிரேம்சந்தின் மூலப் படைப்புகள் அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்றதை அடுத்து, 1987 முதல் பதிப்புரிமைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. அதனால் பல பதிப்பகங்கள் குறைந்த விலையில் அவற்றை வெளியிடுகின்றன. மூலக் கதைகளைப் பொது நிகழ்ச்சியில் வாசிக்கவோ நாடகமாக்கவோ யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. மொழிபெயர்ப்புகளுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனியே உண்டு.

வாசிப்பு நிகழ்ச்சிகளுக்கு அவரது கதைகள் பொருந்துவதற்கு அவற்றின் நடையும் காரணம். அன்றாடப் பேச்சுக்கு நெருங்கிய எளிய மொழியில் அமைந்தவை அவை. எழுத்தறியாதவரும் காதால் கேட்டுப் பின்தொடர இயலும். குளிர்கால இரவில் போர்வையின்றி வயலைக் காக்கும் உழவனைப் பற்றிய 'பூஸ் கீ ராத்', ஈகைப் பெருநாள் சந்தையில் மூன்று பைசாவை வைத்துக்கொண்டு நிற்கும் சிறுவன் ஹமீதைப் பற்றிய 'ஈத்கா' ஆகியன ஒரே அமர்வில் வாசித்து முடிக்கத் தக்கவை. மற்றச் சிறுவர்கள் பொம்மைகளும் இனிப்புகளும் வாங்க, ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல்கள் சுடாதிருக்க ஹமீது ஓர் இடுக்கியை வாங்கி வருகிறான். இந்தியப் பள்ளிப் பாடநூல்கள் வழியே பல தலைமுறைக் குழந்தைகள் அறிந்த கதை இது.

கோரக்பூர்ச் சிறுவன் உரைநூல்களை விற்றுக் கொடுத்துத்தான் ஒரு நாவலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடிந்தது. பிறந்தநாள் விழா முடிந்த மறுநாளும் அக்கதைகள் அலமாரியில் இருக்க வேண்டும். கையில் காசில்லாத ஒரு சிறுவனோ சிறுமியோ அவற்றைக் கேட்டு எடுத்துச் செல்லும் வகையில் நூலகம் திறந்திருக்க வேண்டும். விழா எடுக்கும் நூலகங்கள் பிரேம்சந்துக்குச் செய்யக்கூடிய நிலையான சிறப்பு அதுவே.